முப்பது தவ்

லிட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே வெர்லின் ரெக்கருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். லிட்டரில் கோலா வரும், ஆரஞ்சு சோடா வரும், எஞ்சின் வராது என்பது அவன் கட்சி. எஞ்சினின் கொள்ளளவு என்றால் கன அங்குலம்தான். வண்டிகளின் பக்கவாட்டில் கன அங்குலத்தை எடுத்துவிட்டு லிட்டரை ஒட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், இதையே சொல்லிக்கொண்டிருந்தான். பால் வாங்க வந்த மாதிரி எஞ்சின் கேட்கிறான்கள் என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நூறாவது தடவையும் சிரிப்பார்கள். அந்தப் பட்டறையில் சிரிப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

பட்டறை ஓஹாயோவின் வடமேற்கு மூலையில், மக்காச்சோளக் காட்டுக்கும் பீட்ரூட் காட்டுக்கும் நடுவே போகிற கப்பிச் சாலையில் இருந்தது. தகரக் கூரை. பலகையில் 'ரெக்கர் எஞ்சின்கள்' என்று மட்டும் எழுதியிருக்கும், எந்த ரெக்கர் என்று எழுதவில்லை. காலை ஏழு மணிக்கெல்லாம் நாலைந்து ஆண்கள் வந்து, கவிழ்த்துப்போட்ட வாளிகளில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டு எஞ்சின் பேசுவார்கள். அவர்கள் பேசியதில் பாதியை வேலையாகச் செய்திருந்தால் அந்த மாவட்டத்தில் ஒரு வண்டி கூடப் புகை விட்டிருக்காது. வேலையைச் செய்தவள் வெர்லினின் மனைவி ஆர்டித்.

அவள் ஒரு எஞ்சின் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் அளவு பார்ப்பவளாக இருந்தவள். எட்டு மணி நேரம் நின்றபடி, ஒரு நாளைக்கு நானூறு சிலிண்டர் துளைகளை அளந்து, சரி என்றால் வெள்ளைச் சுண்ணாம்பும் தப்பு என்றால் சிவப்புச் சுண்ணாம்பும் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ஆளைக் குறைத்தபோது வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே வெர்லினுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அதன்பிறகு விடவே இல்லை. சிலிண்டர் துளையைக் கடைகிற இயந்திரம், கிராங்க், பிஸ்டன் எல்லாம் அவள் பக்கம் நகர்ந்துவிட்டன. கார்புரேட்டரைத் திருகுவதும், காதை வைத்துக் கேட்பதும், வாளிக்காரர்களுக்குத் தீர்ப்புச் சொல்வதும் அவனிடம் தங்கின.

அந்தப் பக்கத்தில் எஞ்சினின் எண் அதற்கு வைத்த பெயர். முந்நூற்று இரண்டு என்றால் அது தொழிற்சாலையை விட்டு வந்தபோது முந்நூற்று இரண்டு கன அங்குலம். ஓடி ஓடிச் சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்ததும், அதைக் கடைந்து கொஞ்சம் அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். வழக்கம் முப்பது தவ். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தவ். ஏன் முப்பது என்று யாரும் கேட்டதில்லை. குழம்புக்கு உப்புப் போடுவதுபோலப் போட்டார்கள். போட்டபிறகும் அது முந்நூற்று இரண்டுதான். கல்யாணத்துக்குப் பிறகு உடம்பு பெருத்தவனை ஊரார் வேறு பெயரிலா கூப்பிடுகிறார்கள்?

இந்த நிலையில்தான் டொலீடோவில் வெளிநாட்டுக் கார் விற்கிற பாமன் என்பவன், மாவட்டக் கண்காட்சி மைதானத்தின் மண் பந்தயத் தடத்தைக் குத்தகைக்கு எடுத்தான். பளபளக்கும் செருப்பு போட்டுக்கொண்டு களிமண்ணில் நடக்கிற ரகம். எண்பத்தைந்தாம் வருஷத்துக்கு என்று புதிதாக ஒரு பிரிவைத் தொடங்கி, ஒரு தாளில் விதிகளை அச்சடித்து அனுப்பினான். எஞ்சின் ஐந்து லிட்டருக்கு மேல் போகக்கூடாது. அவ்வளவுதான் எழுதியிருந்தது. கன அங்குலம் என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை. பழைய விதியில் இன்ன எஞ்சின், இவ்வளவு கடையலாம் என்று இருக்கும். பாமனுக்கு அதெல்லாம் தெரியாது. தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது.

அந்தப் பிரிவில் ரெக்கர்களின் மகள் டெனிஸ் ஓட்டினாள். இருபத்து மூன்று வயது. வாரத்தில் ஐந்து நாள் தக்காளிச் சாஸ் தொழிற்சாலையில் மூடி திருகுகிற வரிசையில் நிற்பாள். ஆகஸ்டு வந்தால் அவள் தலைமுடியில் வினிகர் வாசம் போகாது. எத்தனை முறை குளித்தாலும் போகாது. ஃபோர்ட் வெய்ன் ஊரிலிருந்து க்ரான்ஸ் என்று ஒரு பந்தய முதலாளி வந்து, இந்த வருஷம் இந்தப் பிரிவில் யார் முதலாவதாக வருகிறாரோ அவருக்கு அடுத்த வருஷம் தன் வண்டியில் இடம், வருஷம் முழுக்க வேலையே அதுதான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். டெனிஸுக்கு அந்த வரிசையை விட்டு வெளியே வர வேறு கதவு இல்லை. முப்பது வருஷமாக மூடி திருகிக்கொண்டிருக்கும் பெண்களை அவள் தினமும் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில், வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கையில், டெனிஸின் எஞ்சினுக்கான பிளாக், எட்டு சிலிண்டர் துளையும் உள்ள வார்ப்பிரும்பு உடல், மேஜைக்கு வந்தது. வெர்லின் முப்பது என்று சொல்லிவிட்டுக் காப்பிக்குப் போனான். ஆர்டித் ஒரு அட்டைப் பெட்டியின் மூடியில் கணக்குப் போட்டாள். துளையின் அகலம், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம், எட்டு சிலிண்டர். ஒரு லிட்டருக்கு அறுபத்தொன்று கன அங்குலமும் கொஞ்சமும். இரண்டு தடவை போட்டாள். பிறகு அடுப்பைச் சுற்றி வாளிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்காமல் போய்ச் சொன்னாள்.

"வெர்லின், முப்பது போட்டா முந்நூத்தி ஆறு வருது. அஞ்சு லிட்டர்னா முந்நூத்தி அஞ்சுதான். ஒண்ணு கூடிப்போகுது."

"முந்நூத்திரெண்டுன்னாலே அஞ்சு லிட்டரு. வண்டியிலயே ஒட்டியிருக்கான், போய்ப் பாரு."

"ஒட்டினவன் ரவுண்டா இருக்கட்டும்னு ஒட்டியிருக்கான். அளந்தா நாலு புள்ளி ஒம்போது நாலு. கடையறதுக்கு நமக்கு இருக்கிறது மூணே மூணு கன இன்ச்சு. முப்பது அதைத் தாண்டிருது."

"எஞ்சின் செஞ்சவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்."

"அளக்கிறதுதானே பதினோரு வருஷம் என் பொழப்பு."

வெர்லின் அவளைப் பார்க்கவில்லை. வாளிகளைப் பார்த்தான். அவன் எப்போதும் பதில் சொல்வது வாளிகளுக்குத்தான்.

"கேட்டுக்கங்கப்பா. நம்ம பட்டறையில இனிமே சோடா விக்கப்போறோம். ஆர்டித் லிட்டர்ல அளந்து ஊத்துவா. அவங்கவங்க டம்ளரைக் கொண்டாந்துருங்க."

சிரித்தார்கள். மகளும் அங்கேதான் இருந்தாள், சாஸ் தொழிற்சாலையில் முறை முடிந்து நேரே வந்திருந்தாள். அவளும் சிரித்தாள். அப்பாவை நம்பி வளர்ந்த பெண், கெட்ட எண்ணம் இல்லாமல் சிரித்தாள். ஆர்டித்துக்கு அதுதான் வலித்தது. மறுநாள் காலையில் அவள் வேலை மேஜையின் மேல், மைக்ரோமீட்டர் வைக்கிற இடத்தில், இரண்டு லிட்டர் கோலா பாட்டில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்தில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஐம்பது தாண்டிய ஆண்கள் கடைக்குப் போய் ரிப்பன் வாங்கியிருக்கிறார்கள்.

அவள் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். கோபத்தில் ஒரு யோசனை வந்தது, அதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை. சொன்னபடி முப்பது போட்டுக் கொடுத்துவிட்டால் போதும். என்றாவது ஒரு நாள் யாராவது துளைகளை மேலே மூடியிருக்கிற ஹெட்டைக் கழற்றி அளப்பார்கள். ஊர் முன்னால் வெர்லின் வாய் அடைத்துப்போய் நிற்பான். அந்தக் காட்சியை அவள் ஒரு காப்பி குடிக்கிற நேரம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதில் டெனிஸும் நின்றாள், வினிகர் வாசத்தோடு. புருஷனைத் தோற்கடிக்க மகளையும் சேர்த்துத் தோற்கடிக்க வேண்டும். அந்த அளவுக்கு அந்த மனுஷன் பெறமாட்டான்.

தொலைபேசியில் பிஸ்டனுக்கு ஆர்டர் சொன்னாள். இருபது தவ் என்று சொன்னாள். மறுமுனையில் இருந்தவன்கூட முப்பது இல்லையா என்று கேட்டான்.

மூன்று நாள் கடைந்தாள். பிளாக்கை இறுக்கிப் பிடித்து, வெட்டுக்கத்தியை நடுவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு துளையாக இறக்கினாள். வார்ப்பிரும்பு கருப்பு மாவாக உதிர்ந்து கை ரேகைகளில் ஏறியது. தேய்ந்த சுவர் இருபதிலேயே பளிச்சென்று சுத்தமாகிவிட்டது. முப்பதுக்கு அவசியமே இருக்கவில்லை, எப்போதுமே பாதி எஞ்சின்களில் இருந்திருக்காது. கடைசி இரண்டு தவ்வைக் கல்லால் தேய்த்து எடுத்தாள். மேலே, நடுவில், கீழே என்று எட்டுத் துளையையும் அளந்தாள். கிராங்க் வைத்து, பிஸ்டன் இறக்கி, கேஸ்கட் போட்டு, இரண்டு ஹெட்டையும் தானே தூக்கி வைத்து இறுக்கிவிட்டாள். ஹெட்டைத் தூக்க வெர்லினின் இடுப்பு சம்மதிக்கவில்லை, அன்றைக்கு அவளுக்கு அந்த இடுப்பின் மேல் ஒரு பிரியமே வந்தது.

மார்ச்சில் முதல் தடவையாக எஞ்சினை உறுமவிட்டார்கள். வெர்லின் கார்புரேட்டரைத் திருகி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டான். வாளிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கேட்டீங்களா? முப்பதோட சத்தமே தனி" என்றான்.

ஆர்டித் திரும்பிக்கொண்டு கை துடைக்கிற துணியைத் தேடினாள். துணி கையில்தான் இருந்தது.

அந்தக் கோடை முழுக்க டெனிஸ் நன்றாக ஓட்டினாள். மழை பெய்த வாரம் களிமண் பசையாகிக் கண்ணாடியை மூடினாலும் ஓட்டினாள். ஜூலை வெயிலில் தடம் சிமெண்டு மாதிரி இறுகி டயரைத் தின்றபோதும் ஓட்டினாள். ஜெயித்தவள் அவள், பேசியவன் வெர்லின். ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் கோழிக்கறியை உதிர்த்துக் கூழாக்கிப் பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். அதை வாயில் வைத்துக்கொண்டே பேசுவான். முப்பது போட்டிருக்கிறேன், அந்த டொலீடோ செருப்புக்காரன் லிட்டர் லிட்டர் என்று கத்தட்டும், நம் எஞ்சினுக்கு அவன் பாஷை புரியாது என்பான். எதிர் மேஜையில் ஸ்டக்கி உட்கார்ந்திருப்பான். புள்ளிகளில் டெனிஸுக்கு அடுத்தபடி இருந்தவன். அதிகம் பேசாத ஆள், கணக்குத் தெரிந்த ஆள். ஒரு நாள் அவன் காகிதக் கைக்குட்டையில் பேனாவால் ஏதோ எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதைப் பரிமாறும் பெண் பார்த்து ஆர்டித்திடம் சொன்னாள். ஆர்டித் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு மசியலின் மேல் நூடுல்ஸை ஊற்றிப் புருஷனுக்குப் போட்டுவிட்டு, கடையில் முப்பது கதையைக் கொஞ்சம் நிறுத்தேன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பெருமையாகச் சொல்ல ஒன்று இருக்கிறவன் சொல்லத்தான் செய்வான் என்றான் அவன், தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, தொழிலாளர் தின விடுமுறை. கடைசிப் பந்தயம் மத்தியானம் இரண்டு மணிக்கு. தண்ணீர் லாரி தடத்தை நனைத்துவிட்டுப் போனதும் வெயில் அதை உறிஞ்சியது. டெனிஸ் கடைசி இரண்டு சுற்றில் ஸ்டக்கியை வெளிப்பக்கமாக முந்தி ஜெயித்தாள். அந்த வருஷத்தின் முதலிடமும் அவளுக்கே. தலைக்கவசத்தைக் கழற்றியபோது முகத்தில் கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக இருந்தது. க்ரான்ஸ் வந்து கை கொடுத்தார்.

அவர் கையை எடுப்பதற்குள் ஸ்டக்கி ஒரு காகிதத்தோடு பிக்ஸ்லரிடம் போய்விட்டான். பிக்ஸ்லர் தடத்தின் பரிசோதகர், எழுபதை நெருங்கிய தபால்காரர். முதலாவதாக வந்த வண்டியின் எஞ்சின் ஐந்து லிட்டரைத் தாண்டுகிறது, கழற்றி அளக்க வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. எழுத்தில் கேட்டால் அளந்துதான் ஆக வேண்டும். ஸ்டக்கி உரக்கப் பேசவில்லை. முப்பது போட்டதாக ரெக்கரே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார், முப்பது போட்டால் முந்நூற்று ஆறு வரும், நீங்களே பெருக்கிப் பாருங்கள் என்றான். பிக்ஸ்லர் பெருக்கிப் பார்த்தார். அவர் முகம் விழுந்தது. பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த டெனிஸுக்கும் அப்போதுதான் விளங்கியது. அவள் உதடு வெளுத்ததை ஆர்டித் பார்த்தாள். சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் யார் நம்புவார்கள், ஹெட் பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

டெனிஸே கழற்றினாள். சூடு ஆறாத எஞ்சினில் கை சுட்டுக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாக எடுத்தாள். சுற்றி அறுபது எழுபது பேர் கூடிவிட்டார்கள். வாளிக்காரர்கள் நாலு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். வெர்லின் ஒரு டயரின் மேல் காலை வைத்துக்கொண்டு, கழற்றட்டும், பார்க்கட்டும், முந்நூற்றிரண்டு எங்கே போனாலும் முந்நூற்றிரண்டுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். முன்பு சிரித்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. பெருக்கல் அதற்குள் கூட்டத்தில் பரவியிருந்தது.

இரண்டு ஹெட்டும் வந்தன. பிக்ஸ்லர் பிஸ்டன் தலையில் படிந்த கரியைத் துணியால் துடைத்தார். உலோகத்தில் 020 என்று அச்சடித்திருந்தது. அவர் அளவுகோலைத் துளைக்குள் இறக்கினார். மேலே, நடுவில், கீழே. அடுத்த துளை. அதற்கடுத்த துளை. பிறகு பிஸ்டன் ஏறி இறங்கும் நீளத்தையும் அளந்து, காகிதத்தில் போட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபது தவ். முந்நூத்தி நாலரை. லிட்டர்ல நாலு புள்ளி ஒம்போது ஒம்போது. எஞ்சின் சரியா இருக்கு. பொண்ணு ஜெயிச்சாச்சு."

ஸ்டக்கி தானும் ஒரு தடவை குனிந்து பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு, டெனிஸுக்குக் கை கொடுத்துவிட்டு ஒதுங்கினான். அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். டெனிஸ் வண்டியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள். க்ரான்ஸ் சிரித்தார். வெர்லின் டயரிலிருந்து காலை எடுத்தான்.

"இருபதா? உன் அளவுகோலை எங்க வாங்கின? அது முப்பது."

"அச்சே அடிச்சிருக்கு, வெர்லின். வந்து பாரு."

"அச்சு என்ன அச்சு. என் எஞ்சின்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? திரும்ப அள."

பிக்ஸ்லர் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். நாற்பது வருஷம் அந்த ஊருக்குத் தபால் கொடுத்தவர், ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன வரும் என்று தெரிந்தவர்.

"யோசிச்சுச் சொல்லு. திரும்ப அளந்து நீ சொல்ற மாதிரி முப்பது வந்துச்சுன்னா, உன் பொண்ணு ஜெயிச்சது இல்லன்னு ஆயிரும். புரியுதா?"

"அள" என்றான் வெர்லின்.

டெனிஸ் அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் அப்படி அவள் பார்த்ததில்லை. வாளிக்காரர்களில்கூட ஒருவன் தரையைப் பார்த்தான். ஆர்டித்துக்குப் புருஷன் மேல் பிப்ரவரியில் இருந்தது கோபம். இப்போது அது இல்லை. அழுகிப்போன காய்கறியைக் கூடையிலிருந்து எடுத்து வெளியே வைக்கும்போது யாரும் கோபப்படுவதில்லை, அந்த மாதிரி இருந்தது.

பிக்ஸ்லர் திரும்ப அளந்தார். எட்டுத் துளையையும் அளந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னார். இருபது. இருபது. இருபது. எட்டாவது தடவை சொல்லும்போது பின்வரிசையில் யாரோ கூடவே சேர்ந்து சொன்னார்கள், கூட்டம் சிரித்துவிட்டது.

வெர்லினின் கழுத்து சிவந்தது. "அப்படின்னா இது நான் கட்டின எஞ்சினே இல்ல" என்றான். அதைச் சொன்னால் எல்லாம் தன் பக்கம் திரும்பிவிடும் என்பதுபோலச் சொன்னான்.

"சரி" என்றார் பிக்ஸ்லர். பந்தய முடிவுத் தாளை எடுத்தார். எஞ்சின் கட்டியவர் என்ற இடத்தில் இருந்த வெர்லினின் பெயரை நிதானமாக ஒரு கோடு போட்டு அடித்தார். "அப்ப கட்டினது யாரு?"

ஆர்டித் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான். ஆர்டித் ரெக்கர்னு எழுதுங்க."

பிக்ஸ்லர் எழுதினார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, அளவை எதில் எழுதட்டும், கன அங்குலத்திலா லிட்டரிலா என்று கேட்டார்.

"ரெண்டுலயும் எழுதுங்க. எதுல படிச்சாலும் சரியாத்தான் இருக்கும்."

க்ரான்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு, தன் பட்டறையில் ஆறு எஞ்சின் கிடக்கிறது, எல்லாவற்றுக்கும் முப்பது போட வேண்டும் என்று தன் ஆள் சொல்கிறான், ஒரு நாள் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். ஆர்டித் முதலில் இதை மூடிவிட்டு வருகிறேன் என்றாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மண் விழுந்திருக்கிறதா என்று துளைகளுக்குள் குனிந்து பார்த்தாள். வெர்லின் இன்னும் அதே இடத்தில், வண்டியின் மூக்குக்கு நேரே, வெயிலை மறைத்துக்கொண்டு நின்றான். யாராவது தன் பக்கம் பேசுவார்கள் என்று நாலு வாளிக்காரர்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

டெனிஸ் புது கேஸ்கட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்க, அப்பா" என்றாள். "அம்மாவுக்கு வெளிச்சத்தை மறைக்கிற."